சரிவில் நின்ற படகும் கூடிப்போன ஒயிலும்

புதிதாகப் படகு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி முதலாளி ஹனீபா நானா என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பதுளைக் கடைவீதியில் இருக்கும் அவருடைய உதிரிப்பாகக் கடையின் பின்னறையில், டயர் வாசனைக்கு நடுவே இருந்து இதை எழுதுகிறேன். வாயால் சொல்லிவிடுகிறேனே என்றேன். நான் பேச ஆரம்பித்தால் எஞ்சினைத் திறப்பதற்குள் கேட்கிறவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறதாம். எழுதினால் சீக்கிரம் படித்துவிட்டுத் தூங்கலாமே என்பது அவர் கணக்கு. ஓய்வு பெற்றவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் போதாதா?

படகைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த தண்ணீர் மலையூற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான். இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளையும் பழைய டீசல் எஞ்சினையும் ஓட்டிக்கொண்டிருந்தவனை, ஹனீபா நானா கூப்பிட்டுப் படகில் ஏற்றினார். கடலோரத்தில் மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து அந்தப் பெரிய மோட்டார் படகை வாங்கியவர், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கடற்கரை ஆட்களைத் தேடவில்லை. தனக்குத் தெரிந்த தோட்டத்து ஆட்களையே தேடினார். எஞ்சின் எங்கே இருந்தாலும் எஞ்சின்தானே என்றார். அது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் நான் எழுதப்போகிறேன்.

படகு ஓடியது பதுளைக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில். அக்கரையில் இருக்கிறவர்கள் பாதையால் சுற்றி வந்தால் அரை நாள் போய்விடும். படகில் வந்தால் ஒரு பிளேன்டீ குடித்து, ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் இக்கரை. மரக்கறி மூட்டை, பள்ளிக்கூட டீச்சர், கல்யாண வீட்டுச் சாமான், நோயாளி எல்லாம் அதில்தான் வந்தது.

எஞ்சின் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில், கூலன்ட், சுக்கானுக்குப் போகும் ஒயில், டீசலுக்கு அடியில் தங்கும் தண்ணீர், படகின் அடியில் ஊறும் தண்ணீர். இவற்றை எப்போது பார்ப்பது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. படியுங்கள். அதைத் திருப்பி எழுதி உங்கள் நேரத்தையும் நானாவின் கடதாசியையும் வீணாக்க மாட்டேன்.

ஆனால் அந்த வேலையைச் செய்கிற நேரம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. விடிகாலையில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நமுனுகுல மலையின் உச்சி மட்டும் மேலே மிதக்கும், கீழே மலையே இருக்காது. எஞ்சின் மூடியைத் திறந்தால் முந்தின நாள் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்து முகத்தில் அடிக்கும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, அதன் நுனியில் ஒட்டியிருக்கும் ஒயிலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். நல்ல ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருக்கும். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எங்கேயோ தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கையிலும் அந்தக் கையிலும் துணியை மாற்றிக்கொண்டு, சும்மாவே நெடுநேரம் நிற்பேன். அந்த நேரத்தில் நான் உயிரோடு இருக்கிறேனா கனவில் இருக்கிறேனா என்றே தெரியாது. சந்தோஷமாக இருக்கும். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நடராஜாவைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஃபெக்டரியில் எஞ்சின் அறையில் இருந்தவர், எனக்கு உதவியாகப் படகுக்கு வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். இளகிய மனசுக்காரர். எஞ்சினைப் பசுமாடு மாதிரி வளர்ப்பார். சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைத்து மாலை போடுவதை எல்லோரும் செய்வோம். இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்வார். லொறிச் சில்லு மாற்றும்போது தூக்கிப் பிடிக்கும் ஜக்குக்கு அடியில் வைக்கும் சின்னப் பலகையைக்கூடப் படகுக்குக் கொண்டுவந்திருந்தார். தண்ணீருக்கு நடுவே எந்தச் சில்லைக் கழற்றப்போகிறார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். இருக்கட்டும் அண்ணே, கிடந்தா சோறா கேட்கப்போகுது என்பார்.

அந்த வருஷம் கடும் வறட்சி. நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் இறங்கிப்போய், படகு கட்டும் துறை சேற்றுத் தரையில் தனியாக நின்றது. தண்ணீருக்குள் பல வருஷம் முங்கிக்கிடந்த செத்த மரங்கள் தலை காட்டின. துறை இல்லாததால் படகின் மூக்கைக் கரைச் சேற்றில் ஏற்றிவைத்து நிறுத்தத் தொடங்கினார்கள். ஆட்கள் ஒரு பலகை வழியாக ஏறினார்கள். இது நடந்தபோது நான் அங்கே இல்லை. அப்புத்தளையில் என் தங்கை வீட்டில் ஒரு சாவு. கருமாதி முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். படகு நடராஜாவின் கையில் இருந்தது.

நான் திரும்பி வந்த காலையில் பஸ்ஸிலிருந்து நேரே கரைக்கு இறங்கினேன். படகு புறப்படத் தயாராக இருந்தது. அந்த நாட்களில் அது இராத்திரியில் அக்கரையில்தான் நிற்கும். காலையில் அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். நான் சுற்றுப்பாதை பஸ்ஸில் வந்ததால் அக்கரையிலேயே இறங்கி ஏறிக்கொண்டேன். நடராஜா சிரித்த முகத்தோடு வரவேற்று, எல்லாம் பார்த்தாச்சு அண்ணே, ஒயில் போட்டாச்சு, நீங்கள் உட்காருங்கள் என்றார். ஓட்டுநர் சேகர் பின்னுக்கு எடுத்தான். படகு சேற்றை விட்டு வழுக்கி ஆவிக்குள் போனது.

எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் பாக்கியக்கா உட்கார்ந்திருந்தார். அங்கே சூடாக இருக்கும் என்பதால் அது அவருடைய இடம். ஸ்பிரிங்வெளியில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், பென்ஷன் எடுத்த பிறகு மகளோடு அக்கரையில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு முறை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் நிறுவையில் ஏற்றி, உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதைக் கழித்து எடுப்பார்களாம். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மழை நாள்ல கொழுந்துல தண்ணின்னு நிறுவையில கழிச்சாங்க பாஸ். இப்ப என் ஒடம்புல தண்ணின்னு கழிக்கிறாங்க. தண்ணி என்னைய விடாது போல."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்தி அந்தப் பெரிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாளைக்குச் சின்னக் கோப்பையில் அளந்த தண்ணீர்தான் அவருக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீருக்கு நடுவே, வறண்ட உதட்டோடு அவர் போவதும் வருவதுமாக இருந்தார்.

நான் திரும்பி வந்த அந்தக் காலையில் அவர் முகம் ஊதியிருந்தது. கால் செருப்புக்குள் போகவில்லை. முந்தின முறை பஸ் வேலைநிறுத்தத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் போயிற்றாம். இரண்டு இரவாகப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்திருக்கிறார். இடுப்பில் பழைய படங்கைச் சுற்றியிருந்தார். தேயிலைச் செடியின் ஈரமும் முள்ளும் உடம்பில் படாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. வேலையை விட்டபின்னும் குளிருக்கு அதையேதான் கட்டுவார். மூச்சு வாங்க வாங்க, இன்றைக்கும் தவறினால் தாங்காது பாஸ் என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அதனால் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

படகு நடுவை நோக்கிப் போகப்போக எனக்குச் சத்தம் பிடிக்கவில்லை. எஞ்சின் கனத்த குரலில் பேசியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆவிக்குள் நீலப் புகை. ஒயில் எரியும் புகை அது. ஒயில் எப்படி இருந்தது என்று நடராஜாவைக் கேட்டேன். ஒரு வாரமாகத் தினமும் காலையில் குறைவாகத்தான் காட்டியது, தினமும் கொஞ்சம் ஊற்றினேன் என்றார். கசிகிறதா என்றேன். அடியில் ஒரு சொட்டு இல்லையாம். புகை இருந்ததா என்றேன். இன்றைக்குத்தான் பார்க்கிறாராம். கசியவும் இல்லை, எரியவும் இல்லை என்றால் தினமும் ஊற்றிய ஒயில் எங்கே போனது?

அந்தக் கேள்வியை நான் கேட்டு முடிக்கவில்லை. எஞ்சின் தானாக ரேஸ் ஏறியது. சேகர் வேகத்தைக் குறைக்கும் பிடியை இழுத்தான்; குறையவில்லை. எஞ்சினை நிறுத்தும் பிடியை இழுத்தான்; நிற்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. படகின் மூக்கு மேலே தூக்கியது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கிக்கொண்டு, படகு செத்த மரங்கள் நிற்கும் பக்கமாகப் பாய்ந்தது. ஆட்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்த செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டைகளைத் தேடிப் பிடித்து மாட்டத் தொடங்கினார்கள்.

சேகரின் கை கியரை எடுக்கப் போனது. லொறி ஓட்டியவன் கை அது. எஞ்சின் மிரண்டால் அந்தக் கை நியூட்ரலுக்குத்தான் போகும்.

"கியர்ல கை வைக்காத" என்றேன். "நடுத்தண்ணிக்குத் திருப்பி வட்டம் போடு."

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், அவனுக்குச் சொல்ல அப்போது நேரம் இருக்கவில்லை. டீசலை அடைத்த பிறகும் ஓடுகிற எஞ்சின் டீசலில் ஓடவில்லை. தன் வயிற்றுக்குள் இருக்கும் ஒயிலையே இழுத்துக் குடித்து ஓடுகிறது. அதை அடக்கிப் பிடித்திருப்பது தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் பாரம் ஒன்றுதான். கியரை எடுத்தால் பாரம் போய்விடும். பாரம் இல்லாத எஞ்சின் தன் வேகத்தால் தானே சிதறும். ஆகவே பயமாக இருந்தாலும் அது ஓடத்தான் வேண்டும், மரம் இல்லாத இடத்தில். மூச்சை அடைத்தால் மட்டுமே அது நிற்கும்.

மூடியைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தேன். காற்றை உறிஞ்சும் வாய் பேய் மாதிரி உறிஞ்சியது. அங்கே கையை வைக்காதீர்கள். விரலை வைத்தால் விரல் போகும், துணியை வைத்தால் துணி உள்ளே போகும். நடராஜாவின் பலகையைக் கேட்டேன். கொடுத்தார். பலகையை மட்டும் வைத்தால் இடுக்கில் காற்று போகும். தடிப்பாக எதையாவது தாருங்கள் என்று கத்தினேன். பாக்கியக்கா எழுந்து, இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து நீட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. அதை நான்காக மடித்துப் பலகைக்கு அடியில் வைத்து, நானும் நடராஜாவும் உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினோம். எஞ்சின் இழுத்தது, உதறியது, படகு முழுக்க நடுங்கியது. பிறகு நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் இன்றைக்கும் சில வேளை தூக்கத்தில் கேட்கிறேன். அமைதியைக் கேட்க முடியுமா என்று சிரிக்காதீர்கள், முடியும். புகை தண்ணீர்மேல் படுத்து மெல்லக் கரைந்தது. ஆவி எங்களைச் சுற்றி மூடியது. கரை இல்லை, மலை இல்லை, மேலும் இல்லை, கீழும் இல்லை. நாங்கள் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவருடைய மூட்டைக்குள் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. மலையில் பிறந்தவர்களுக்குக் காலுக்குக் கீழே எப்போதும் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் இருக்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று என் உடம்பு உணர்ந்தது.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் நடராஜா ஒயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காஞ்சு போச்சு அண்ணே. நான் பத்தாம ஊத்திட்டேன் போல" என்று மூடியைத் திருகினார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊற்றுவதற்கு முன் பார்ப்போம் என்றேன்.

டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி, ஒரு விரல் நீளத்துக்கு மேலே ஒயில் நின்றது.

நடராஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்கூடக் குறைவாகத்தானே காட்டியது, நான் கண்ணால் பார்த்தேனே என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆவி சற்று விலகி, நாங்கள் புறப்பட்ட கரை தெரிந்தது. படகு மூக்கை ஏற்றிவைத்திருந்த இடத்தில், சேற்றில் ஒரு பள்ளம் மேல்நோக்கி ஏறிக் கிடந்தது. அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. எஞ்சினுக்குள் இருக்கும் ஒயில் பின்னுக்கு ஓடிவிடும். டிப்ஸ்டிக் எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். குறைவு என்று ஊற்றுவார். மறுநாள் தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கும், படகு இன்னும் சாய்ந்திருக்கும், மறுபடி குறைவாகக் காட்டும். மறுபடி ஊற்றுவார். கூடிப்போன ஒயிலை உள்ளே சுழலும் இரும்பு அடித்து நுரையாக்கி, காற்றுப் போகும் குழாய் வழியாகக் காற்று வாய்க்குத் தள்ள, எஞ்சின் அதைக் குடித்து வெறி பிடித்து ஓடியது.

கடற்கரையில் பிறந்த ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். படகு சாய்ந்திருப்பது அவன் கண்ணில் உடனே படும். எங்களுக்குப் படவில்லை. லயத்துக்குப் போகிற வழி சரிவு, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம் சரிவு, கோயில் வாசல் சரிவு, நாங்கள் படுத்துத் தூங்கிய தரையே சரிவு. காலடியில் கல் உருண்டால்தான் எங்களுக்கு அது மேடு. நடராஜா மட்டுமல்ல, அந்த ஒரு வாரமும் அதில் ஏறி இறங்கிய தோட்டத்து ஆள் ஒருவருக்குக்கூட அந்தப் படகு சாய்ந்து நிற்பதாகத் தெரியவில்லை. அதுதான் நம் ஆட்களின் வியாதி. எங்கே நின்று அளக்கிறோம் என்பதை அளவுகோல் சொல்லாது.

இனி என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஹனீபா நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு படகை அனுப்பக் கேட்கிறேன், ஆனால் மதியம் ஆகும் என்றார். எஞ்சினைத் தொடாதே, உள்ளே என்ன உடைந்திருக்கிறதோ என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. காத்திருந்தால் எஞ்சினுக்கு நல்லது, படகுக்கு நல்லது, மற்றப் பயணிகளுக்கும் நல்லது. ஆனால் ஆஸ்பத்திரி மெஷினில் பாக்கியக்காவின் முறை காலையில். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உதடு கறுக்கத் தொடங்கியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு, சட்டப்படி நடந்தேன் என்று சொல்லிவிடுவது. மற்றது, சீக்கிரம் சீக்கிரம் என்று எதையாவது செய்து வீரனாவது. எனக்கு இரண்டாவது ஆசைதான் வந்தது. ஒயிலை இறைத்துவிட்டு முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்போம் என்று கை பரபரத்தது. கைப் பம்பை எடுத்து, கூடுதலாக இருந்த ஒயிலை வெறி பிடித்தவன் போல இறைக்கத் தொடங்கினேன்.

பாக்கியக்கா என் முதுகில் கை வைத்தார்.

"என்னையப் பாத்து அவசரப்படாதீங்க பாஸ். மெஷின்லயும் தண்ணிய மெதுவாத்தான் எடுப்பாங்க. ஒரேயடியா இழுத்தா மயங்கிருவேன். மெதுவா எடுத்தாத்தான் எந்திரிச்சி நடந்து வீட்டுக்கு வரலாம்."

இத்தனையும் ஒரே மூச்சில் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இளைத்து இளைத்துச் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தெம்பாகவும் இருந்தது. பம்பை நிறுத்தி, ஒயில் அடங்கும்வரை இருந்து, அளந்து, மறுபடி கொஞ்சம் இறைத்து, மறுபடி அளந்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. எடுத்த ஒயிலை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலக்கவில்லை, இரும்புத் தூள் மின்னவில்லை. காற்று வாய்க்குள் தேங்கியிருந்ததைத் துடைத்து எடுத்தேன். பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை, இறுகவில்லை.

பிறகு பயணிகளிடம் சொன்னேன்: எஞ்சினைத் தொடங்கப்போகிறேன், நடக்கும் வேகத்தில்தான் போவோம், மறுபடி மிரண்டால் உடனே அடைத்துவிடுவோம், வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே சொல்லுங்கள். ஒரு டீச்சர் மட்டும் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடராஜாவைப் பலகையோடும் படங்கோடும் காற்று வாய்க்கு அருகில் உட்காரவைத்தேன். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அவரைவிடக் கவனமாக அதைப் பார்க்கக்கூடியவர் படகில் யாரும் இல்லை.

தொடங்கியது. புகைத்தது. புகை மெலிந்தது. சேகர் கியரைப் போட்டான். நாங்கள் ஆவிக்குள் நகர்ந்தோம், தண்ணீரில் கோடு விழாத அளவு மெதுவாக. செத்த மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. ஒரு மரத்தின் கிளையில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. என் கண் புகையிலும், காது எஞ்சினிலும், மனசு அந்த அக்காவின் மூச்சிலும் இருந்தது. இரண்டு மூச்சும் ஒன்றாகக் கேட்டது. எது நிற்கப்போகிறது என்று தெரியாமல் கரை வரும்வரை நான் என் மூச்சை விட்டேனா என்பது நினைவில்லை.

கரையில் நானாவின் வேன் நின்றது. அவரே ஓட்டி வந்திருந்தார். எஞ்சினைத் தொடாதே என்றேனே என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாக்கியக்காவைப் பார்த்துவிட்டு, வேன் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் அக்காவின் முறை போய்விட்டிருந்தது. ஆனால் அன்றைக்கு மெஷினுக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் அவரைக் கண்டதும், பேச்சுக்கு இடமில்லாமல் அடுத்துக் காலியான கட்டிலில் போட்டுவிட்டாராம். அந்தச் செய்தி வந்தபோது நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிப் போகிற பயணிகளை நான் ஏற்றவில்லை. எஞ்சினை முழுக்கத் திறந்து பார்க்காமல் மனிதரை ஏற்றக்கூடாது. என்னை ஏசிக்கொண்டே சுற்றுப்பாதையால் போனார்கள். ஏசட்டும். போகவேண்டியவருக்காக ஒருமுறை துணிந்ததை, பிழைத்துவிட்டோம் என்பதற்காக வழக்கமாக்கக்கூடாது. அடுத்த நாளிலிருந்து ஒரு பழக்கம் கொண்டுவந்தோம்: படகைக் கரையிலிருந்து தள்ளி, தண்ணீரில் தானாக மிதக்கவிட்டு, அசைவு அடங்கியபின்தான் டிப்ஸ்டிக்கில் கை வைப்பது. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். ஏன் என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

அன்றைக்கு நடராஜா பகல் முழுக்கக் கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என் கையாலேயே கொன்றிருப்பேனே அண்ணே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். குறைத்து ஊற்றியிருந்தால் அவரை ஏசியிருக்கலாம். கூட்டி ஊற்றியவரை எப்படி ஏசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பாக்கியக்கா வேனில் வந்து இறங்கினார். முகம் வற்றி, கண் தெளிந்து, செருப்புக்குள் கால் போயிருந்தது. அவரை அந்த வேனிலேயே சுற்றுப்பாதையால் வீட்டில் விட்டுவருவதாக ஏற்பாடு. அதற்குள் அவர் கரையிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய், ஒரு கிளாஸில் பிளேன்டீயும், தொட்டுக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் சீனியுமாக நடராஜாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று தலையைத் திருப்பினார் நடராஜா.

"என் மகளும் ஒங்கள மாதிரித்தான் தம்பி. நான் தவிக்கிறதப் பாக்க ஏலாம ராத்திரியில ஒரு கிளாஸ் தண்ணி கூடக் குடுத்திருவா. பாசத்துலதான் குடுக்குறா. அந்த ஒரு கிளாஸ்தான் நெஞ்சுல ஏறி நிக்கும். அதுக்கு அவளக் கோவிச்சுக்க முடியுமா? இந்தாங்க, குடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நடராஜா குடித்தார். முதல் வாயில் அழுகை வந்து புரையேறியது. பிறகு அடங்கிக் குடித்தார். அந்த அக்கா அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைக் கண் எடுக்காமல் பார்த்தார். ஒவ்வொரு மிடறுக்கும் அக்காவின் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது. கிளாஸ் காலியானதும் பாக்கியக்கா அதை வாங்கிக்கொண்டு, இன்னொன்று கொண்டுவரவா என்று கேட்டார்.

நடராஜா கண்ணைத் துடைத்தார்.

"போதும்க்கா" என்றார்.